மாவு மூட்டையில் பழகிய கைகள்

இன்று காலை செம்பூரில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ரப்பர் பொம்மையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு அது செய்முறை வகுப்பு. ஐந்து வருடமாக வண்டியில் ஓடுகிறவள் என்று என்னையும் உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவர் வாய் வைத்து ஊதி முடித்ததும், அடுத்தவர் வருவதற்குள் துடைத்துவிட வேண்டும். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். "நாம என்ன செஞ்சாலும் எதுத்துப் பேசாம படுத்துக் கெடக்க ஆம்பளை இவன் ஒருத்தன்தாம்ட்டி" என்று நீ சொன்னது ஞாபகம் வந்து, அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் சிரித்துவிட்டேன். என்ன நினைத்தார்களோ.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. சிரிக்க வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

நாம் இரண்டு பேரும் தாராவியில் அண்ணாச்சியின் முறுக்குக் கம்பெனியில் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாவது பாஸான பெண்களுக்கு ஆம்புலன்ஸ் பயிற்சி தருகிறோம் என்று ஒரு அறக்கட்டளையிலிருந்து சந்துக்குள் வந்து சொன்னபோது, எல்லோரும் ஏதேதோ கேட்டார்கள். நீ கேட்டது ஒன்றே ஒன்று: "யூனிஃபார்ம் உண்டா?" உண்டு என்றதும் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் உன்னை நான் திட்டாத திட்டு இல்லை.

நமக்கு வயது முப்பத்திரண்டு. வகுப்பில் மற்றவர்களெல்லாம் இருபதைத் தாண்டாத பிள்ளைகள். நம்மை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். புத்தகம் ஆங்கிலத்தில், பாடம் இந்தியில். வீட்டுக்கு வந்து நீயும் நானும் அதைத் திருநெல்வேலித் தமிழில் ஒருதரம் சொல்லிப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். பொம்மையை வீட்டுக்குத் தர மாட்டார்கள். அதனால் கம்பெனியில் அடுக்கி வைத்திருந்த அரிசி மாவு மூட்டை ஒன்றைத் தரையில் இழுத்துப் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பழகினோம். வேலைக்கு நடுவே கிடைத்த நேரமெல்லாம் அதுதான். அண்ணாச்சி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, மூட்டைக்கு உசுரு வந்துட்டா?" என்பார். "நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணுன்னா யாரு இருக்கா அண்ணாச்சி?" என்று நீ கேட்டாய். வாயைக் கழுவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரீட்சையில் நீ முதல் தடவையே பாஸ். நான் செய்முறையில் விழுந்தேன். முப்பது முறை அழுத்தி இரண்டு முறை ஊத வேண்டும். அழுத்துகிற வேகம் நிமிடத்துக்கு நூறுக்குக் குறையக் கூடாது. எனக்குக் குறைந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பரீட்சைக்காரர், "பேஷண்ட் கயா" என்றார், ஆள் போய்விட்டான் என்று. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான், அதிலும் விழுந்தால் அவ்வளவுதான் என்றார்கள். நமக்கு முறுக்கே போதும் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுநாள் பாக்கெட் போட உட்கார்ந்துவிட்டேன்.

நீ விடவில்லை. மூட்டையை இழுத்துப் போட்டு, போனில் நேரம் வைத்து, "அமுக்குட்டி" என்றாய். அழுத்தினேன். மறுபடி அழுத்தச் சொன்னாய். மூன்றாவது தடவை நடுவில் நிறுத்தினாய்.

"பத்து வரைக்கும் சரியாத்தான் போற. பதினொண்ணுல இருந்து இழுக்க. நீ இருபத்தெட்டுன்னு சொல்லி முடிக்கதுக்குள்ள அவன் எடுகாட்டுக்குப் போயிருவான்."

"பெறகு எப்படி எண்ண?"

"பாக்கெட்டுல முப்பது முறுக்கு போடுதியே, அதை எப்படி எண்ணுத?"

மூன்று வரிசை. ஒன்றிலிருந்து பத்து, மறுபடி ஒன்றிலிருந்து பத்து, இன்னொரு தடவை. ஏழு வருடமாக அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், இருபத்தெட்டு என்ற வார்த்தையே அந்தக் கம்பெனியில் யார் வாயிலும் வந்ததில்லை. மூன்று பத்தாக எண்ணி அழுத்திப் பார்த்தேன். நீ போனைத் திருப்பிக் காட்டினாய், நூற்றுப் பத்து. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. இத்தனை நாளாய் இது தோன்றவில்லையே.

இரண்டாவது தடவை பாஸானேன். வேலைக்கான ஆர்டர் கையில் வந்த அன்று மாதுங்காவில் இறங்கி ஜாங்கிரி வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். உனக்கு ஆர்டர் இன்னும் வரவில்லை, வரும் என்று நீ ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரே வண்டி கிடைக்காவிட்டாலும் ஒரே ஷிஃப்டாவது கேட்போம் என்றேன். நீ ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாய்.

"எனக்கு வராதுட்டி. நான் பாஸான வாரமே மெடிக்கல்ல தள்ளிட்டாவ. நெஞ்சுல வால்வு சுருங்கி இருக்காம். சின்ன வயசுல வந்த காய்ச்சலாம். ஸ்ட்ரெச்சர் தூக்கக் கூடாதுன்னுட்டாவ."

அந்தச் செய்தி தெரிந்த பிறகுதான் நீ எனக்கு மூட்டையை இழுத்துப் போட்டிருக்கிறாய். போனில் நேரம் பார்த்திருக்கிறாய். "அப்பம் என்னத்துக்குட்டி எனக்காக இந்தப் பாடு பட்ட?" என்று உன்மேல் எரிந்து விழுந்தேன்.

"ரெண்டு பேரும் மூட்டைய அமுக்கினோம். ஒருத்தியாவது ஆளை அமுக்க வேண்டாமா?" என்றாய். நான் அழுதேன். நீ இன்னொரு ஜாங்கிரியை எடுத்துக்கொண்டாய்.

அந்த யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு முதல் நாள் உன் வாசலுக்கு வந்தபோது, காலரைச் சரிசெய்துவிட்டு, தெருவே கேட்கும்படி "இது எங்க ஆளு" என்று சொன்னவள் நீ. அதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பெருமையடித்துக்கொள்கிற மும்முரத்தில் இருந்தேன்.

நீ முறுக்குக்குத் திரும்பினாய். ஆனால் சும்மா இருக்கவில்லை. கம்பெனியில் இருந்த அத்தனை பெண்களையும் முறை வைத்து மூட்டையை அழுத்தப் பழக்கினாய். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு வேலை கிடைத்த மூன்றாவது வருடம், ஒரு பகல் நேரம், உங்கள் சந்திலிருந்து அழைப்பு வந்தது. ஆண், மயக்கம், மூச்சில்லை. வண்டி 'தொண்ணூறு அடி ரோடு' என்கிற மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அந்தச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். நானும் டிரைவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கம்பெனி வாசலை நெருங்கும்போதே உன் குரல் கேட்டது. ஒன்றிலிருந்து பத்து. மறுபடி ஒன்றிலிருந்து பத்து.

தரையில் அண்ணாச்சி கிடந்தார். ஒரு பெண் அழுத்திக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி அடுத்த முறைக்கு மண்டி போட்டுத் தயாராக இருந்தாள். நீ தலைமாட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாய். உன் உதடு கறுத்திருந்தது. முதல் இரண்டு நிமிடம் நீயேதான் அழுத்தினாய் என்று அந்தப் பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். என்னைப் பார்த்ததும் நீ அழவில்லை, என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. வகுப்பில் சொல்லிக் கொடுத்த மாதிரியே ஒப்படைத்தாய்.

"வயசு அம்பத்தஞ்சு. என் கண்ணு முன்னாலதான் விழுந்தாவ. ஒம்போது நிமிசம் ஆகுது. நாடி இல்ல, மூச்சு இல்ல. உடனே அமுக்க ஆரம்பிச்சாச்சு, ரெண்டு நிமிசத்துக்கு ஒருத்தி மாறுதோம். சோடா ஊத்த வந்தவனை வெரட்டிட்டேன்."

நான் ஷாக் மிஷினின் பட்டைகளை அவர் நெஞ்சில் ஒட்டினேன். அது ஷாக் கொடுக்கச் சொன்னது. கொடுத்தேன். இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு அண்ணாச்சியின் கழுத்தில் நாடி என் விரலில் தட்டியது. உன்னைப் பார்த்துத் தலையசைத்தேன். "வெரசாக் கொண்டு போட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க" என்றாய்.

அண்ணாச்சி இன்றைக்கும் இருக்கிறார். மாவு விலையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார். உனக்குத்தான் அடுத்த மழைக்காலத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள், அந்த நாள் வரை நீ தங்கவில்லை. போன் வந்தபோது நான் ஆண்டாப் ஹில்லில் ஒரு பிரசவ கேஸோடு வண்டியில் இருந்தேன். அந்தப் பெண்ணை இறக்கிவிட்டுத்தான் அழ முடிந்தது.

அண்ணாச்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நடந்த ஒன்றை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. கேஸ் முடிந்ததும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வண்டி வருவதற்கு முன் முதலுதவி செய்தவர் யார் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. உன் பெயரை எழுதினேன். பக்கத்தில் இ.எம்.டி. என்று, ஆம்புலன்ஸில் எங்களுக்கு உள்ள பதவிப் பெயரை எழுதினேன். சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு, இது யார், எந்த வண்டி என்று கேட்டார். வண்டி கிடையாது சார், கோர்ஸ் முடித்துச் சான்றிதழ் வாங்கியவள், முறுக்குக் கம்பெனியில் இருக்கிறாள் என்றேன். வேலையில் இல்லாதவளை அப்படி எழுதலாமா, அடித்துவிட்டு 'தெரிந்தவர்' என்று போடு என்றார்.

நான் யாரையும் எதிர்த்துப் பேசாதவள், உனக்குத் தெரியும். அன்றைக்குப் பேசினேன். விழுந்த நேரம், அழுத்த ஆரம்பித்த நேரம், ஆள் மாறிய கணக்கு எல்லாம் அவள் சொல்லித்தான் இதில் இருக்கிறது, அவள் செய்ததில் எந்த இடத்தில் இ.எம்.டி. குறைகிறாள் என்று காட்டுங்கள், அடித்துவிடுகிறேன் என்றேன். அவர் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு "ரெஹ்னே தோ", இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இதை ஓடி வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இரக்கப்பட்டு எழுதினேன் என்று நினைத்துவிடுவாயோ என்று வாயை மூடிக்கொண்டேன். என்ன முட்டாள்தனம். இரக்கமில்லை, ஏட்டி. பெருமை. அந்த வேகத்தில் உன் பெயர்கூடக் கோணலாகத்தான் விழுந்தது.

ஒவ்வொரு கேஸுக்கும் அந்தக் கட்டம் வருகிறது. அநேகமாக 'யாரும் இல்லை' என்றுதான் எழுதுகிறேன். ஒரே ஒரு தாளில் நீ இருந்தாய்.