தேதியை நிறுத்தியதாகச் சொன்னவர்

மார்ச் 10, திங்கள்

போர்ட் கிள்ளான் அலுவலகத்தில் இன்று பதினேழு கொள்கலன்களின் ஆவணங்களைச் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. வீட்டுக்கு வந்து கார் இன்சூரன்ஸ் தாளைத் தேடினால், இவருடைய பழைய சட்டைகளுக்கு அடியில் நீதிமன்றக் கடிதங்கள். வீட்டை ஏலம் விட உத்தரவு கேட்டு வங்கி வழக்குப் போட்டிருக்கிறது. கடனில் என் பெயரும் உண்டு. எனக்கு வந்த உறையையும் இவரே பிரித்திருக்கிறார். நாங்கள் பதில் அஃபிடவிட் தாக்கல் செய்யக் கடைசி நாள் 14. இந்த வெள்ளிக்கிழமை!

கேட்டால், என் கணவர் ராதாகிருஷ்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறார்: "தேதியெல்லாம் நிப்பாட்டியாச்சு லா. திருச்செல்வம் பேங்க்ல பேசிட்டான்."

திருச்செல்வம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு வசூல் செய்து, பந்தலே போடாத இவருடைய கூட்டாளி. அந்த மகான் நீதிமன்றத்தை நிறுத்திவிட்டாராம்.

மார்ச் 11

வங்கிக்கு நானே போன் செய்தேன். அதிகாரியின் குரலில் தேன் வழிந்தது.

"தவணையை மாத்திக் கேட்ட அப்ளிகேஷன் ரிவியூல இருக்கு ஆன்டி. இப்ப ஒண்ணும் ஃபைல் பண்ண வேணாம்."

"அதை எழுதிக் கொடுப்பீங்களா?"

"அது வந்து… எங்க லோயரைத்தான் கேக்கணும்."

தேன் அதோடு தீர்ந்தது.

மார்ச் 12

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்க இவரை இழுத்துக்கொண்டு போனேன். பெயர் ஃபர்ஹானா, முப்பது வயதுகூட இருக்காது. கடிதங்களை இரண்டு முறை படித்தாள்.

"பேச்சுவார்த்தை நடக்குதுன்னு தேதி தானா நிக்காது அக்கா. அவங்க லோயர் எழுத்துல ஒத்துக்கிட்டு, கோர்ட் அதைப் பதிவு பண்ணணும். இல்லன்னா நாமளே கோர்ட்ல அவகாசம் கேக்கணும். தேதி தாண்டிருச்சுன்னா நம்ம பக்கத்தைக் கேக்காமலே ஏல உத்தரவு வந்துரலாம்."

நோன்பில் உதடு காய்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் இவர் காபி கிடைக்குமா என்று கேட்டார்.

வங்கியின் வழக்கறிஞரிடம் அவள் பேசினாள். வீட்டை நாங்களே விற்பதாக இருவரும் கையெழுத்துப் போட்டால், நான்கு மாதம் வழக்கை நிறுத்திவைக்க அவர்கள் தயாராம்.

"என் வீட்டை விக்க மாட்டேன்," என்றார் இவர்.

என் வீடாம். எட்டு மாசமா தவணை கட்டாம, வாயைத் தொறக்காம இருந்த ஆளு பேசற பேச்சு!

மார்ச் 13

திருச்செல்வத்தின் போன் அணைக்கப்பட்டிருக்கிறது. இவர் பதினோரு தடவை அழைத்துப் பார்த்தார்.

லோரி ஓட்டும் இவருக்கு எட்டு மாதமாக லோடே கிடைக்கவில்லையாம், இன்றுதான் சொன்னார். வெறும் லோரியை எடுத்துக்கொண்டு தினமும் வெளியே போயிருக்கிறார். நான் ஒருநாளாவது கேட்டேனா? நானெல்லாம் என்ன பொம்பளை — யாரைத் திட்டிக்கிட்டிருக்கேன்?

மார்ச் 14

காலையில் வீட்டை விற்கச் சம்மதித்து இவரும் கையெழுத்துப் போட்டார். ஃபர்ஹானா அதை நம்பி உட்காரவில்லை. அஃபிடவிட்டையும் தயாராக வைத்திருந்தாள். "அவங்க லெட்டர் வர்ற வரைக்கும் தேதி ஓடிக்கிட்டுத்தான் இருக்கும் அக்கா."

மூன்று மணிக்குச் சம்மதக் கடிதம் வந்தது. உடனே நீதிமன்றத்துக்கு அனுப்பினாள். ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது பதில்: ஜூலை 14 வரை அவகாசம்.

"இப்பத்தான் நின்னிருக்கு," என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

"நிப்பாட்டலாம்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் இவர்.

பாவம், ஃபர்ஹானா அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 20

வீடு பார்க்க வந்தவர்கள் சமையலறை இருட்டு என்றார்கள். இருபத்திரண்டு வருடம் அதில் சமைத்தவளிடம்!

ஜூலை 11

செராஸிலிருந்து ஓர் ஆசிரியை வாங்குகிறார். ஒப்பந்தம் முடிந்தது, ஆனால் வங்கிக்குப் பணம் போய்ச் சேர நாளாகும். ஃபர்ஹானா முன்கூட்டியே எழுதிக் கேட்டு இன்னும் மூன்று மாதம் வாங்கிவிட்டாள். திருச்செல்வம் ஏதோ கல்யாணத்தில் கண்ணில் பட்டானாம். இவர் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்திருக்கிறார்.

செப்டம்பர் 27, சனி

கடன் தீர்ந்தது. வங்கி வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. என் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு ஒரு ஃப்ளாட் பிடித்திருக்கிறேன். நான் கூலிக்கு அமர்த்திய லோரியில் சாமான்களை ஏற்றியது இவர்தான். ஏற்றி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு எந்த ரூம்?" என்று கேட்டார்.

"ஒரு ரூம்தான் இருக்கு. ஒங்க அக்கா வீடு செலாயாங்லதானே?"

கத்துவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார். அலமாரிமேல் கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டி, முடிச்சைத் தட்டிப் பார்த்தார்.

"திருப்பத்துல மெதுவா ஓட்டச் சொல்லு," என்றார்.

டிரைவரிடம் சொன்னேன்.