வெர்லீன் மறுத்ததாக எழுதிய அத்தியாயம்

பைன் ஃபோர்ட், அலபாமா
ஜூலை, செவ்வாய்க்கிழமை

அக்காள் மகன் டூயிக்கு,

மாமன் எஸ்ரா சொல்லச் சொல்ல, நம் போதகரின் மனைவி மேபெத் அம்மாள் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நலம், முழங்காலைத் தவிர. மழை இல்லாமல் சோளம் வாடி நிற்கிறது.

உன் நாவலைப் பற்றி நியூயார்க் பத்திரிகையில் வந்த மதிப்புரையை அனுப்பி, எப்படி என்று கேட்டிருந்தாய். அம்மாள் இரண்டு தடவை வாசித்தார். முழுதும் மனதில் நிற்கிறது.

மதிப்புரை எழுதியவர் கெட்டிக்காரர். மூன்றாம் அத்தியாயம் இழுக்கிறது என்கிறார், இழுக்கத்தான் செய்கிறது. நம் ஊர்க்காரன் எதையும் நேராகச் சொல்லாமல் சுற்றிவளைப்பான் என்பதையும் பிடித்துவிட்டார். ஆனால் சபை விருந்தில் கிழவனின் பல்செட் விதவையின் தேங்காய் கேக்கில் மாட்டிக்கொள்வதை 'நம்ப முடியாத மிகை' என்கிறார். அது நடந்தது; பல் என்னுடையது, கேக் வெர்லீனுடையது. நீயே பார்த்து, ஓக் மரத்தடியில் உருண்டு சிரித்தாய்.

நாவலின் கடைசியில் அந்த விதவை கிழவனைக் கட்டிக்கொள்ள முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டுப் போவதை 'இதைவிட உண்மையான முடிவு கிடையாது' என்கிறார். அது நடக்கவே இல்லை. வெர்லீன் என்னை ஒரு தடவைகூட மறுத்ததில்லை. ஒவ்வொரு விருந்திலும், கட்டிக்கொள்கிறாயா என்று கேட்பேன். "பாப்போம் எஸ்ரா, இந்த வருஷம் போகட்டும்" என்பாள். போன வருடம், "அடுத்த வருஷம் கேளு" என்றாள். அதற்குள் உன் புத்தகம் வந்துவிட்டது.

'சரி என்ற ஒரு சொல் கிடைத்திருந்தால் இந்தக் கிழவரோடு நாவலும் செத்திருக்கும்' என்று முடிக்கிறார். நாவலுக்கு அது சரி. புத்தகத்துக்குள் இருப்பவன் தனியாகச் சமைத்துத் தின்ன வேண்டியதில்லை.

இப்போது முடிவெட்டப் போனால், "என்ன பெரியவரே, இந்த வருஷம் எந்தக் கேக்குல பல்ல விடப்போறீங்க?" என்கிறான் கிளீட்டஸ். புத்தகம் படித்தவர்கள் பர்மிங்ஹாமிலிருந்து கார் போட்டு வந்து வாசலில் நிற்கிறார்கள். வந்தவர்களுக்கு ஐஸ் டீ கொடுக்காமல் அனுப்ப முடியுமா? கொடுத்தால் உட்கார்ந்துகொண்டு, "புத்தகத்துல வர்ற மாதிரி பேசுங்க" என்கிறார்கள். பேசுகிறேன்.

வெர்லீன் சபையில் பின்பெஞ்சுக்குப் போய்விட்டாள். தபால் அலுவலகத்தில் வழிமறித்துக் கேட்டேன். "சரின்னா, புத்தகத்தப் பொய்யாக்க வந்துட்டாளேன்னு சிரிப்பாங்க. முடியாதுன்னா, புத்தகத்துல உள்ளபடியே நடந்துச்சுன்னு சிரிப்பாங்க. நான் எந்தப் பக்கமா வெளிய போறது, நீயே சொல்லு" என்றாள். 

இதையும் எழுதணுமா என்கிறார் மேபெத் அம்மாள். எழுதுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் விருந்தில் உன்னை நாவலிலிருந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மதிப்புரைக்காரர் புகழ்ந்த கடைசி அத்தியாயத்தைத்தான் எல்லாரும் கேட்பார்கள். அதை வாசிக்காதே, மகனே. கழுதை தேவாலயத்துக்குள் புகுந்ததை வாசி, அது நன்றாக இருக்கிறது. என்னைப் பற்றி வேறு எதை வாசித்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பேன், எனக்குப் பழகிவிட்டது. அவள் வந்தால், அவளுக்கு அது பழக வேண்டாம்.

கர்த்தர் உன் பயணத்தையும் உன் கையையும் காப்பாராக.

உன்மேல் கோபம் இல்லாத மாமன்,
எஸ்ரா