மச்சாளின் பயணத் தாளில் இல்லாத வீடுகள்

அன்பான றஞ்சி மச்சாளுக்கு,

நீர் இருக்கிற இடத்துக்கு ரயிலும் இல்லை, விமானமும் இல்லை. இருந்திருந்தால் எங்கே இறங்கி எதில் மாறி ஏற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி எங்களுக்கு வைத்துவிட்டுத்தான் போயிருப்பீர்.

ஆண்டுத்திவசத்துக்கு அடிக்கிற நினைவு மலரில் உம்முடைய அண்ணை எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். "வழமையா எழுதிற மாதிரி எழுதும், பாசம் பண்பு எண்டு" என்றார். என் கணவரல்லவா, சொன்னபடி எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனை கேட்கவில்லை. எனக்கு உம்மேல் பொறாமை, மச்சாள். செத்துப்போன ஆளைப் பார்த்து வயிறெரிகிறவள் இந்த சுவிஸ் நாட்டு லோசானிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சொந்தக்காரர் எல்லாரும் இதை வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

நீர் கடைசியாக எழுதிய தாளை நிலா எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். பால் எடுக்கப் போனாலும் உம்முடைய கையெழுத்து, தயிர் எடுக்கப் போனாலும் உம்முடைய கையெழுத்து. லோசானில் இருந்து காலை ரயிலில் பாரிஸ், அங்கே இரண்டு இரவு. பிறகு கடலுக்கு அடியால் ரயிலில் லண்டன், இரண்டு இரவு. விமானத்தில் ஒஸ்லோ, ஒரு இரவு. அடுத்த நாள் மலையேறுகிற ரயிலில் பெர்கன், நாலு இரவு. அங்கேயிருந்து விமானத்தில் ஜெனீவா. ஒவ்வொரு இடத்திலும் மாறி ஏற எத்தனை நிமிடம், எந்தப் படியால் ஏற வேண்டும், கழிப்பறை எந்தப் பக்கம், எல்லாம் இருக்கிறது. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் கண்ணுக்குத் தெரியாத பல்லுச்சக்கரம் பூட்டின கை அல்லவா!

அந்தத் தாளில் இரண்டு பெயர். ஒன்று உம்முடையது. மற்றது என் மகள் நிலாவுடையது.

நான் பெற்ற பிள்ளை, மச்சாள். பத்தொன்பது மணித்தியாலம் நோ தின்று பெற்றவள் நான். ஆனால் அவள் பெரியபிள்ளையானது எனக்கு முதல் உமக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஃபெயில் விட்டதும் உமக்குத்தான் முதலில் தெரியும். "மாமி சொன்னவ", "மாமியிட்டக் கேட்டனான்", "மாமிக்குத் தெரியும்". ஒரு நாளைக்கு எத்தனை மாமி! எனக்குத் தெரிந்த பிரெஞ்சு துடைக்கிறதுக்கும் கூட்டுறதுக்கும் மட்டும்தான் காணும். நீர் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, அவளோடு பகிடி விட்டுச் சிரிக்கிற அளவுக்குக் கதைத்தீர். நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள், நான் பக்கத்தில் தேத்தண்ணீரோடு நிற்பேன்.

எல்லாம் 2009இல் தொடங்கினது. சூரிச்சையும் உம்முடைய மனிசனையும் விட்டுவிட்டு ஒரு சூட்கேசோடு எங்கள் வாசலுக்கு வந்தீர். நிலாவுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று மாதம் அவளுடைய அறையில் படுத்தீர். பிறகு லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டீர். லோசானில் வேலை கிடையாதா என்று உம்முடைய அண்ணை எவ்வளவோ கேட்டார். அந்தக் குளிருக்குள்ளே, எங்கள் சொந்தம் ஒருவரும் இல்லாத ஊரில், என்ன வைத்திருக்கிறதோ என்று நான் நினைத்தேன்.

சனிக்கிழமைகளில் வருவீர். புட்டும் கறியும் வைத்துத் தருவேன். நானும் விடுகிறவளா? "ஏன் மச்சாள் அவரை விட்டனீர்? அடிச்சவரோ? குடியோ? வேற ஆரோடயும் தொடுப்போ?" நீர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "இண்டைக்குப் புட்டு நல்ல பதம் மச்சாள்" என்பீர். பத்து வருடம் என் புட்டு நல்ல பதமாகவே இருந்தது.

பிறகு வருத்தம் வந்தது. நான் நாலாம் மாடி துடைக்கிற அதே ஆஸ்பத்திரியில் நீர் பதினோராம் மாடியில் படுத்திருந்தீர். இடைவேளை கிடைத்தால் வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேலே ஓடி வருவேன். வந்து பார்த்தால் கட்டிலில் உமக்குப் பக்கத்தில் நிலா, மடியில் கணினி, இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு. நான் கதவைத் திறந்தவுடன் கணினி டப்பென்று மூடும். ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். எனக்கு நெஞ்சுக்குள் என்ன செய்யும் தெரியுமா? நீர் சுகம் வந்து எழும்ப வேண்டும் என்று திரிம்பாக் கோயிலில் அர்ச்சனை செய்தவளும் நான்தான். எழும்பினால் என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர் என்று பயந்தவளும் நான்தான். இப்படியும் ஒருத்தி இருப்பாளா? இருந்தேன்.

நீர் எழும்பவில்லை. பரீட்சை முடிய, நிலா அந்தத் தாளைக் கதவில் ஒட்டினாள். "மாமிட பயணத்துக்கு நான் போறன்." தனியவா என்று அண்ணை பதறினார். "அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ." அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பிறகு சொன்னாள், "சரி, வாங்கோவன்."

வாங்கோவன்! விருந்துக்கு வந்தவரை இன்னொரு கரண்டி சோறு போடவா என்று கேட்கிற மாதிரி. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ரோஷம் இருந்தது, ஆசை அதைவிடக் கூட இருந்தது. நானும் இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து ஆஸ்பத்திரி, வீடு, கோயில் என்று திரிகிறவள்தானே. சிவப்பு நிறச் சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்து அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். "ஓம், வாறன்" என்றேன்.

வாறன் என்றவள் சும்மா இருந்திருக்கலாம். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உம்முடைய கெட்டித்தனத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தேன், மச்சாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? போகிற ஊர் எல்லாம் ஹோட்டல்! பாரிஸில் என்னுடைய பெரியம்மாவின் மகள் கமலாக்கா இருக்கிறா. லண்டனில் உம்முடைய சித்தப்பா வீடு, ஒஸ்லோவில் மாமா வீடு. சொந்த வீடு இருக்கிற ஊரில் போய் ஹோட்டலில் படுக்கிறதா? தெரிய வந்தால் முகத்தில் முழிக்கலாமா? அதிலும் பாரிஸில் நீர் பார்த்து வைத்த ஹோட்டல், லா ஷப்பலில் எங்கள் ஆட்கள் இருக்கிற பக்கத்துக்கு நேரெதிர் மூலை. கெட்டிக்காரிக்கு மருந்து தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன்.

போனை எடுத்தேன். எல்லா வீட்டுக்கும் சொன்னேன். கமலாக்கா, "ரெண்டு நாள் ஆருக்குக் காணும்? நாலு நாள் நில்லுங்கோ, ரெண்டாவது மகளின்ர புது வீட்டுக்கும் போகவேணும்" என்றா. லண்டனில் ஒரு வீட்டுக்குப் போனால் அந்தத் தெருவில் இன்னும் மூன்று வீடு. ஒன்றை விட்டால் அது ஒரு குடும்பச் சண்டை. இப்படி நாட்களைக் கூட்டிக்கொண்டு போனதில் பயணம் ஒஸ்லோவோடு முடிந்துவிட்டது. சிவப்புப் பேனையை எடுத்து பெர்கனை வெட்டினேன். அங்கே எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை, கடலும் மழையும்தான். அந்த ரயிலில் ஏழு மணித்தியாலம் பனி பார்க்கப் போகலாம் என்று எழுதியிருந்தீர். லா ஷோ-து-ஃபோனில் இல்லாத பனியா, மச்சாள்?

உண்மையைச் சொல்கிறேன். அது வீண் என்று வெட்டவில்லை. பெர்கனுக்குப் பக்கத்தில் மட்டும் நீர் ஒரு சின்ன நட்சத்திரம் கீறியிருந்தீர். நிலாவும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஃபிரிட்ஜைத் திறப்பாள். அதனால் வெட்டினேன்.

வேலையால் வந்த நிலா தாளைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்து நானும் இடுப்பில் சீலையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவள் கத்தவில்லை.

"இது மாமிட பயணம் இல்லை, அம்மா."

"ஏன், உன்ர மாமிக்குச் சொந்தக்காரர் இல்லையோ?"

"இருக்கினம். அதுக்குத்தான் ஹோட்டல்."

எனக்கு விளங்கவில்லை. அவள் கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தாள். "எந்த வீட்டுக்குப் போனாலும் ஏன் புருசனை விட்டனீ எண்டு கேப்பினம். மாமி சொன்னவ, பத்து நாள், ஒருத்தரும் ஒண்டும் கேக்காத பத்து நாள் வேணுமெண்டு. தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லாத இடமாப் பாத்து நாங்கள் ரெண்டு பேரும் தேடினனாங்கள்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே? நான் என்ன, பிறத்தியோ?"

"நீங்களும் கேப்பீங்கள், அம்மா."

கணினி ஏன் டப்பென்று மூடினது என்று அப்போதுதான் விளங்கியது. பத்து வருடத்துப் புட்டும் ஒரே நேரத்தில் தொண்டைக்குள் வந்து நின்றது.

ஆனாலும் என் புத்தி போகுமா? அந்த நேரத்திலும் பொறாமைதான் முதலில் வாயைத் திறந்தது. "அப்ப உனக்குச் சொன்னவதானே? ஏனாம் விட்டவ?"

நிலா தலையை ஆட்டினாள். "எனக்கும் தெரியாது. நான் கேக்கேல்லை."

மச்சாள், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பெரிய ரகசியம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லித்தான் என் பிள்ளையை என்னிடம் இருந்து பிரித்துவிட்டீர் என்று நான் பத்து வருடமாக நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லையாமே! அவள் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியாமல் போனது? உமக்கு என்னிடம் இருந்து வேண்டியதெல்லாம் ஒரு சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டு புட்டு வைக்கிறதுதானா? அதை ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தாலும், ஏன் என்று கேட்டிருப்பேன்.

அடுத்த நாள் கமலாக்காவுக்குப் போன் எடுத்து, வீட்டுக்கு வரவில்லை, ஹோட்டலில்தான் நிற்கப் போகிறோம் என்றேன்.

"ஓகோ, சுவிஸ்காரருக்கு இப்ப ஹோட்டல் கேக்குதோ? ஆர் போட்ட பிளான் இது?"

"றஞ்சி மச்சாள் போட்டது, அக்கா."

கமலாக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டா, "அது கிடக்கட்டும். ஏன் அவனை விட்டவள் எண்டு கடைசியிலயாவது சொன்னவளோ?"

நீர் போய் ஒரு வருடமாகப் போகிறது. இன்னும் உம்மை விடவில்லை, மச்சாள். கோபம் எனக்கு உச்சியில் ஏறியது. ஏசத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கமலாக்கா கேட்டது என் கேள்வி. என் குரல் மாதிரியே இருந்தது. "எனக்குத் தெரியாது அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். லண்டனுக்கும் ஒஸ்லோவுக்கும் அப்படியே சொன்னேன். இப்போது மூன்று நாட்டிலும் என்னோடு கோபம். எனக்கு என்ன பேய் பிடித்தது என்று அண்ணையிடம் ஒவ்வொருவராகப் போன் எடுத்துக் கேட்கிறார்களாம். அவர், "எனக்கும் தெரியேல்லை, நான் கேக்கேல்லை" என்று சொல்லிச் சமாளிக்கிறார். பாவம் மனிசன்.

புதுத் தாள் எழுதலாம் என்று நிலாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். நான் வெட்டின சிவப்புக் கோட்டுக்கு மேலே அவளே பெர்கன் என்று திரும்ப எழுதியிருக்கிறாள். கோடும் தெரிகிறது, பெயரும் தெரிகிறது. வருகிற சனிக்கிழமை காலை ரயில். மலையேறுகிற ரயிலில் ஜன்னல் இருக்கை நிலாவுக்கு, பக்கத்து இருக்கை உமக்கு என்று பிரித்திருக்கிறீர். உம்முடையதில் நான் இருப்பேன். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த இருக்கையில் நான் இருந்தாலும் அவள் உம்மைத்தான் நினைப்பாள் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் அதில் இருப்பேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு கிழமையாக நிலா போனும் கையுமாக பால்கனியில் நின்று கதைக்கிறாள். நான் கிட்டப் போனால் போனைத் திருப்பிப் பிடிக்கிறாள். யார், எந்த ஊர், என்ன வேலை, எங்கள் ஆட்களா, வெள்ளையா, எல்லாக் கேள்வியும் என் நாக்கு நுனியில் வரிசையாக நிற்கிறது. நீர் இருந்திருந்தால் இதற்குள் உம்மிடம் சொல்லியிருப்பாள்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சாள். ஒஸ்லோவில் இருந்து பெர்கன் வரைக்கும் ஏழு மணித்தியாலம், என் பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். சொன்னால் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டால் பனியைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

உம்முடைய இருக்கைக்கு வருகிற,
பொறாமை தீராத உம்முடைய மச்சாள்,
சாந்தி