கடையிலிருந்து அவன் ஓடிய காரணம்

கோரல் சித்தி வீடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள லினெட்டுக்கு,

உன் அம்மா எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் பிள்ளைகளும் அந்த ஹோபார்ட் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீ போன் போடுவதெல்லாம் உன் சித்திக்குத்தான், அவள் பேசி முடித்து, நாய்களுக்குத் தீனி வைத்து, அதற்கப்புறம் ஞாபகம் வந்தால் எனக்குச் சொல்வாள். உன் வீட்டுக்காரரையும் கேட்டதாகச் சொல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, அவரும் என் முகத்தைப் பார்த்ததில்லை, எல்லாம் உன் வாய் வழியாகத்தான் போய் வந்தது. மாமியாரும் மருமகனும் அப்படி இருப்பதுதான் மரியாதை. அதனால்தான் எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை.

நான் மூன்று கிணற்றில் நம் இடத்தில் இல்லாமல் இங்கே ஊரில் கோரலின் டிவி சத்தத்துக்கு நடுவே ஏன் கிடக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மழைக்கு முன்னால், கோர்ட் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் திட்டத்தில் வேலை செய்கிற டெரன்ஸ் ஒரு பையனைக் கூட்டி வந்தான். ஆலிஸ் டவுனில் யாருடைய காரையோ எடுத்து ஓட்டி வேலியில் மோதியவன், வயது பதினாறு. டார்வின் ஜெயிலில் அடைத்து வைப்பதற்குப் பதில் நம் ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நீதிபதி அனுப்பும் பிள்ளைகளில் ஒருவன். வந்தவன் நமக்கு என்ன முறை என்று தெரிந்த பிறகுதான் நாம் படுக்கையே விரிப்போம். இவனோ பிறத்தியார் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தவன், கேட்டால் விழிக்கிறான். உனக்குத் தம்பி முறையாகும் டெரன்ஸுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அம்மா வழியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, உங்களுக்குப் பேரன் முறை பெரியம்மா என்று சொல்லிவிட்டான். அவனைப் பெற்றவர்கள் முறை மாறிக் கட்டிக்கொண்டவர்கள், அப்படிப்பட்ட இடத்தில் அப்பா வழியையும் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பேரன்தானே என்று நானும் அவன் கையிலேயே டீயைக் கொடுத்தேன், ஷூக்காலோடு மெத்தையில் ஏறியதற்குத் திட்டினேன், தொப்பியைப் பிடுங்கி எறிந்தேன். மறுநாள் விறகு கொண்டுவந்த ஜாக் கிழவர் அவன் அப்பா பெயரைக் கேட்டார், கேட்டதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அடியே நுங்கராயி, இவன் அப்பன எனக்குத் தெரியும். இவன் ஜபங்கார்டி. நீ யாரு தொப்பியப் புடுங்குனேன்னு தெரியுதா?" என்றார். நுங்கராயிப் பிரிவில் பிறந்தவளுக்கு ஜபங்கார்டிப் பிரிவில் பிறந்தவன் எவனும் மருமகன்தான். எனக்குக் காதெல்லாம் சுட்டது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு லாரியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தவள்தான், இன்னும் திரும்பிப் போகவில்லை.

டெரன்ஸ் வந்து கெஞ்சினான். "அவன் டவுன்ல வளந்த பய பெரியம்மா, அவனுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, நீங்கபாட்டுக்கு வந்து இருங்க" என்றான். அவனுக்குத் தெரியாட்டி என்னடா, எனக்குத் தெரியுமில்ல என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோரல் வேறு, "மருமகன் வந்தான்னு சொந்த எடத்த விட்டு ஓடுன மாமியா இந்தப் பாலைவனத்துலயே நீ ஒருத்திதான்டி" என்று தினமும் ஒருமுறை சொல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. என்னோடு பிறந்தவள், அவளுக்கும் அவன் மருமகன்தான், லாரி வந்தால் அவளும்தான் வீட்டுக்குள் ஓடுகிறாள், அது மட்டும் அவள் கணக்கில் வராது. இந்த முறைப்படி நீ அவனுக்குப் பெண்டாட்டி ஆகிறாய் என்பது உனக்கு இதற்குள் உறைத்திருக்கும். "லினெட்டுக்குப் புதுசா ஒரு புருஷன், மீசதான் இன்னும் மொளைக்கல" என்று உன் சித்தி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். உன் வீட்டுக்காரரிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்.

இனி நான் சொல்வதுதான் எனக்கே விளங்காதது. நான் வந்து கொஞ்ச நாளில் மூன்று கிணற்று லாரியில் ஒரு கங்காரு வால் வந்தது. யார் கொடுத்தது என்று ஓட்டியவன் சொல்லவில்லை, உங்களுக்கு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டுப் போனான். மாமியாருக்கு இறைச்சி அனுப்புவது மருமகன் கடமை, அதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வாலில் மயிர் பாதி பொசுங்கி பாதி அப்படியே இருந்தது, உள்ளே பச்சை. நான் அதை நாய்க்குப் போட்டேன், கோரல் என்னைக் கல்மனசுக்காரி என்றாள். அடுத்த முறை வந்தது சரியாகச் சுட்டிருந்தது. அதைத் தின்றேன். டெரன்ஸைக் கேட்டால் நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்கிறான். யார் சொன்னார்கள், அவன் ஏன் கேட்டான், எனக்குத் தெரியவில்லை. திட்டின கிழவிக்கு இறைச்சி அனுப்ப ஒரு பிள்ளைக்கு என்ன அவசியம்?

போன கோர்ட்டுக்கு நான் போனேன், போகவில்லை என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. இடத்துக்காரி வந்து இவனை வைத்துக்கொள்கிறேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும், அதுதான் அந்த நீதிபதியின் வழக்கம். எத்தனையோ பிள்ளைகளுக்காக நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன், பேசி முடித்ததும் பிள்ளைகளையும் ஒரு பிடி பிடிப்பேன், நீதிபதியே தலையைக் குனிந்துகொள்வார். ஆனால் மருமகன் இருக்கும் அறைக்குள் நான் எப்படிப் போவேன்? வெளியே மரத்தடியில் கட்டடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அதைவிட மரியாதையாக யாரும் உட்கார முடியாது. கோர்ட்டில் புதிதாக வேலைக்கு வந்த பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அந்த அம்மா இந்தப் பையனை ஏற்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறாள். டெரன்ஸ் எழுந்து விளக்கினானாம். நீ உன் திட்டத்துக்காகப் பேசுகிறாய், எனக்கு அந்த வீட்டார் பேச வேண்டும் என்று நீதிபதி அடுத்த கோர்ட்டுக்குத் தள்ளி வைத்துவிட்டார். எல்லோரும் என்னைத்தான் முறைக்கிறார்கள். நான் செய்தது சரி. ஆனால் சரியாகச் செய்தது எப்படி அவனுக்கு எதிராகப் போனது என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

அதோடு போகவில்லை. செவ்வாய்க்கிழமை நான் மாவு வாங்கக் கடைக்குப் போனேன். மூன்று கிணற்று லாரி வந்திருப்பது எனக்குத் தெரியாது. உள்ளே நுழைகிறேன், அவன் சாமான்களைப் பணம் வாங்கும் மேஜையில் அடுக்கிக்கொண்டு நிற்கிறான். நான் அவனைப் பார்ப்பதற்கு முன் அவன் என்னைப் பார்த்திருக்கிறான். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, பின்கதவு வழியாக ஓடினான். துண்டைத் தலைக்குத் தூக்க எனக்குக்கூட அவகாசம் இல்லை. நன்றாக வளர்ந்த பிள்ளைகள்கூட அவ்வளவு வேகமாக விலகி நான் பார்த்ததில்லை. ஆனால் தெற்கிலிருந்து வந்த புதுக் கடைக்காரருக்கு என்ன தெரியும்? கார் திருடிய பையன் பின்கதவு வழியாக ஓடுகிறான், சட்டைக்குள் எதையோ வைத்திருக்கிறான் என்று போலீசுக்குப் போன் போட்டார். நான் போய், அவன் எதையும் எடுக்கவில்லை, சாமானெல்லாம் இதோ மேஜையில்தானே கிடக்கிறது என்றேன். "அப்ப எதுக்கும்மா ஓடுறான்?" என்று அவர் என்னையே கேட்கிறார். மாமியாரைப் பார்த்தான், ஓடினான் என்று சொன்னேன். அவர் சிரித்தார். போலீஸ்காரரும் சிரித்தார். ஏன் ஓடினாய் என்று அவனைக் கேட்டதற்கு அவன் வாயே திறக்கவில்லையாம். என்னைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது வெட்கமாக இருக்க வேண்டும். இப்போது அதுவும் வழக்கோடு சேர்ந்துவிட்டது. வியாழக்கிழமை கோர்ட். யாரும் பேசாவிட்டால் அன்றைக்கே டார்வின் வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்று டெரன்ஸ் சொல்கிறான்.

ஒரே ஒரு நாள் உள்ளே வந்து அவன் முன்னால் பேசினால் என்ன குறைந்துவிடும் என்று டெரன்ஸ் கேட்கிறான். நான் மாட்டேன். முறை தெரியாமல் வளர்ந்ததால்தான் இந்தப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து கத்தியவள் நான். இப்போது ஒருவன் எப்படியோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், அவன் கண் முன்னாலேயே நான் அதை உடைக்கவா? உடைக்காவிட்டால் அவன் கம்பிக்குள் போகிறான். இரண்டு பக்கமும் எனக்குச் சுவராகத் தெரிகிறது. கோரல் என் தங்கை, அவளாலும் முடியாது. நீதிபதிக்கு நம் வீட்டார் வேண்டும். மாமியார் சொல்ல வேண்டியதை மருமகன் காதில் போடுகிறவள் மகள்தான், அது நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. கோர்ட்டில் ஒரு டிவி வைத்திருக்கிறார்கள், தூரத்தில் இருப்பவர்களும் அதில் முகம் காட்டிப் பேசலாமாம். நீ வா என்று நான் கேட்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்கும் கேட்கவில்லை. காலை பத்து மணிக்கு நீ எங்கே இருந்தாலும் டெரன்ஸ் உன்னை அதில் பிடித்துத் தருவான், வேலைக்கு லீவு சொல்லிவிடு. அறை வாசலில் நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன், உன் குரல் எனக்குக் கேட்கும், தப்பாகச் சொன்னால் இருமுவேன். மூன்று கிணறு இவனை வைத்துக்கொள்கிறது, என் அம்மா சொல்கிறாள் என்று சொல். நான் கோரல் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல். கடையில் அவன் எதையும் எடுக்கவில்லை, மாமியாரைப் பார்த்தான், அதனால் ஓடினான் என்று சொல். சிரிக்காமல் சொல்.

கோரலின் பேத்தி இதைப் படம் பிடித்து இன்றே உனக்கு அனுப்புகிறாள், தபாலிலும் போடுகிறேன், போனை நான் நம்புவதில்லை. பிள்ளைகளை ஈரத் தலையோடு வெளியே விடாதே. நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் முறையாக, நீண்ட நாள் இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே. இவ்வளவு எழுதியும் அவன் பெயரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். டெரன்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொள். நீ சொல்லலாம். அந்த அறையில் அவன் பெயரை நம் வீட்டார் ஒருவர் சொல்லி அவன் கேட்க வேண்டும், கொஞ்சம் சத்தமாகவே சொல்.

உன் அம்மா,
மேவிஸ் நுங்கராயி