உள்ளறை மட்டும் பாக்கி

1934 அக்டோபர் 14, ஞாயிறு

உக்கடத்தில் பெரிய குளத்தைப் பார்த்தாற்போல ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. வீட்டுக்கார அம்மாள் ஆமினா பீவி, மகனோடு இருக்கப் பொள்ளாச்சி போகிறாராம். கட்டடம் எப்படி என்று பார்த்துச் சொல்ல இவரும் நானும் அரங்கசாமி மாமாவையும் அழைத்துப் போனோம். அப்பாவின் சிநேகிதர், ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அரை நாள்ல பார்த்துரலாமுங்களா?" என்று இவர் கேட்டார்.

"புது ஊடுன்னா ஆகுமுங்க. இது மூணு தடவையாச் சேர்த்துச் சேர்த்துக் கட்டுனது. ஒவ்வொரு சுவத்துக்கும் ஒவ்வொரு வயசு."

நான் மாடிக்குப் போனேன். சன்னலைத் திறந்தால் குளம். தண்ணீரில் பட்ட வெயில் உள்ளே வந்து சுவரெல்லாம் அலைந்தது. எத்தனை நேரம் நின்றேனோ. இவர் கூப்பிட்டது இரண்டாவது முறைதான் காதில் விழுந்தது.

அக்டோபர் 16

மழை. மாமா வரவில்லை. நான் அந்த வீட்டில் குடியேறிவிட்டேன், மனசுக்குள். ஊஞ்சல் எங்கே, துளசி எங்கே என்று முடிவாகிவிட்டது.

அக்டோபர் 19

இவருக்கு மில்லில் லீவு இல்லை. மாமாவும் நானும் போனோம். மழை பெய்தது நல்லது என்கிறார். ஒழுகுகிற இடம் தானே தெரியுமாம். பரணில் பாத்திரமும் பெட்டியுமாக அடைத்திருந்தது. இறக்கி, பார்த்து, ஏற்றவே மத்தியானம் ஆகிவிட்டது.

கீழே உள்ளறை மட்டும் பாக்கி. ஆமினா பீவியின் மகள் உம்மல் குல்சும் அங்கே பிள்ளை பெற்றிருக்கிறாள். நாற்பது நாள் கழியாமல் ஆண்கள் போகக் கூடாது.

"பார்க்காத அறையை நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன் அம்மணி" என்றார் மாமா.

இவருக்குக் கோபம். "ஒரு அறைக்காக ஒரு மாசமா? அதுக்குள்ள வேற யாராச்சும் முடிச்சிருவாங்க கனகம்."

அக்டோபர் 23



"நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு அம்மணி. சுவத்தத் தட்டிப் பாரு, உத்தரத்தப் பாரு" என்று மாமா என்னை உள்ளே அனுப்பினார். சுவரைத் தட்டினேன். குல்சும் சிரித்தாள். "சுவரு பதில் சொல்லுதாக்கா?"

உத்தரத்தில் சேலைத் தொட்டில். உள்ளே பிள்ளை தூங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டினேன். கல்யாணமாகி ஏழு வருஷம் — எங்கள் வீட்டிலும் ஒன்று ஆடினால்? அப்படியே எங்கேயோ போய்விட்டேன்.

பிள்ளையின் நெற்றியில் மாவு மாதிரி ஏதோ. துடைத்தேன். மறுபடி ஆட்டினேன். மறுபடி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

பிள்ளைய அள்ளிக்கிட்டேன். "எந்திரி குல்சும், வெளிய வா" — கத்துனேனா? கத்தித்தான் இருப்பேன்.

அவர்களைப் பக்கத்து வீட்டில் விட்டபின் மாமா உள்ளே போனார். உத்தரத்தில் உளியை வைத்து அழுத்தினார். பிடிவரை இறங்கியது.

"உள்ள ஒண்ணுமே இல்ல அம்மணி. பூச்சி தின்னுட்டுது" என்றார். ஆமினா பீவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

நாப்பது நாள் ஆகட்டும்னு நாங்களும் இருந்திருந்தா? வேண்டாம். எழுத வேண்டாம்.

அக்டோபர் 24

"அந்த ஊடு வேண்டாம்" என்றார் இவர். ஒரு மரம் அப்படியென்றால் மற்றதை எப்படி நம்புவது என்கிறார். நியாயம்தான். சமையலறையில் போய் அழுதேன். சொல்லாமல் இருந்திருக்க முடியுமா? முடியாது. பின்னே எதுக்கு அழுகை வருது?

1935 ஜனவரி 6

ஆமினா பீவி மரம் மாற்றி, ஒரு ஜவுளிக் கடைக்காரருக்கு விற்றுவிட்டார். குல்சும் சொல்லிக்கொண்டு போக வந்தாள். பிள்ளை என் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மார்ச் 3

இப்போதெல்லாம் யாருக்கு வீடு பார்த்துச் சொல்லப் போனாலும், பெண்கள் புழங்குகிற அறை என்றால் மாமா என்னைத்தான் கூப்பிடுகிறார். இன்று பீளமேட்டில், மூன்றாவது வீடு. வண்டிக்கு இவரே சொல்லி அனுப்பினார்.

கையகல அறை. மூலையில் அரிசி மூட்டைகள், நடுவில் ஒரு பழைய கட்டில். உத்தரம், சுவர், தரை எல்லாம் பார்த்து முடித்தேன். அப்புறம் கட்டிலை எந்தப் பக்கம் திருப்பிப் போடலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் ஆகலியா அம்மணி?" என்று மாமா வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

"இதோ வாரேனுங்க மாமா."

வீட்டுக்கு வந்ததும் இவரும் கேட்டார், ஒரு சின்ன அறைக்கு ஏன் இத்தனை நேரமென்று. மரம் பழசு, நிதானமாகப் பார்க்க வேண்டியிருந்தது என்றேன்.