நுரை இல்லாத படகு

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அவருடைய முழங்காலும் ஒருவரை ஒருவர் அனுசரித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். நீயும் உன் பொறுப்பில் கப்பலில் இருக்கிற பிள்ளைகளும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு முதல் நினைப்பு. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது, போனில் பேசுகிற விஷயம் இல்லை அம்மா என்று ஆரம்பித்திருந்தாயே, அதைப் படித்ததுமே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லையைத் தாண்டி வந்த அக்கரைப் படகைத் திரும்பிப் போகச் சொல்லி, அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருந்த அவர்கள் பாஷை வாக்கியத்தை மூன்று தடவை ஒலிபெருக்கியில் படித்தாய், படகு போகவில்லை, அதிலிருந்த பெரியவர் கையை ஆட்டி ஏதோ கத்தினார், உன் ஆட்கள் திட்டுகிறான் என்றார்கள், நீயும் உத்தரவுப்படி தண்ணீரில் ஒரு குண்டு போடச் சொன்னாய், அதன் பிறகு துடுப்புப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அவர் கத்தியதைக் காதில் விழுந்தபடி நம் எழுத்தில் எழுதி அனுப்பி அர்த்தம் கேட்டிருக்கிறாய். திட்டினான் என்று அறிக்கை போனால் இனிமேல் எச்சரிக்கை இல்லாமலே சுடலாம் என்று உத்தரவு மாறிவிடும், மாதக் கடைசிக்குள் அறிக்கை போயாக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். சொல்கிறேன் கண்ணா, ஆனால் எடுத்த எடுப்பில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன்.

நேற்று துணி காயப்போடும்போது நான் வேலை பார்த்த வானொலி நிலையத்து அறை அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. துளை போட்ட பலகைச் சுவர், கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, சத்தம் மைக்கில் விழும் என்று மின்விசிறியை அணைத்துவிடுவதால் வேர்த்து ஊற்றும். இருபத்தாறு வருஷம் தினமும் அக்கரை பாஷையில் இரண்டு பாட்டு, கொஞ்சம் செய்தி, கடைசியில் கடல் நிலவரம். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம் என்று சொல்லிவிட்டு, பத்திரமா கரை சேருங்க என்று முடிப்பேன். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாட்களில் மேஜைக்கு அடியில் உட்காரவைப்பேன், கேட்டுக் கேட்டு உனக்கும் அந்த வாக்கியம் மனப்பாடம். ஒருநாள் சிவப்பு விளக்கு எரியும்போதே எனக்கு முன்னால் நீ அதைச் சொல்லித் தொலைத்தாய். வேலை போச்சுடா சாமி என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருக்க, அடுத்த வாரம் அக்கரையிலிருந்து ஐந்து கடிதம், புதிதாக வந்திருக்கிற அறிவிப்பாளர் யார், குரல் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று! வீட்டுக்கு வந்தால் அப்பா விடுவாரா, கப்பலில் பீரங்கிக்காரர் அல்லவா, ஏம்மா, இன்னிக்கு அக்கரைக்காரனுக்கு என்ன பாட்டு போட்டு மயக்கினே என்பார். நானும் சளைக்காமல், உங்க குண்டு எட்டு மைல்தான் போகும், என் பாட்டு அவன் அடுப்படி வரைக்கும் போகும் என்பேன். அந்தச் சின்ன வீட்டில் இந்தச் சண்டைக்கு ஒரு குறைச்சலும் இருந்ததில்லை, இப்போது அதை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. நீ இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம் அக்கரைப் படகுகள் வந்து நம் ஆட்களின் வலைகளை அறுத்துப் போட்டன. வலை பறிகொடுத்தவரின் மனைவி நிலையத்து வாசலுக்கே வந்து, நீ பாட்டு போடு, அவன் அதைக் கேட்டுக்கிட்டே எங்க வலையை அறுக்கட்டும் என்று நாலு பேர் முன்னால் என்னைக் கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்புறம் அப்பாவின் கப்பல் போய்ப் பதினோரு நாள் அங்கே சும்மா நின்றது, ஒரு குண்டு போடவில்லை, வலை அறுப்பது நின்றுபோனது. அந்தப் பதினோரு நாளும் நான் நிலவரம் சொல்வதை நிறுத்தவில்லை. கப்பல் நின்றதால் அக்கரைக்காரர்கள் என்னை ஏமாளி என்று நினைக்கவில்லை, நான் பேசியதால் அவர்களுக்குக் கப்பலைப் பார்த்து வெறி பிடிக்கவும் இல்லை, அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா மட்டும் இன்றைக்கும் எல்லாம் தன் பீரங்கியால்தான் என்பார், சொல்லிவிட்டுப் போகட்டும். இப்போது கப்பல்கள் நிறைய இருக்கின்றன, வானொலியில் எங்கள் அக்கரை பாஷைப் பிரிவைத்தான் மூடிவிட்டார்கள். உன் தளம் முழுக்கத் தேடியும் அந்த பாஷை தெரிந்த ஒரு ஆள் கிடைக்காமல் அம்மாவுக்குக் கடிதம் போட வேண்டியதாகிவிட்டது பார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

உன் கடிதத்தை அப்பாவுக்கு அவருடைய நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். குண்டு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்று முதலில் பெருமைப்பட்டார். துடுப்பு என்று வந்ததும் நிறுத்து என்றார். எஞ்சின் படகுல எதுக்கு துடுப்பு, எஞ்சின் ஓடினா பின்னால நுரை வருமே, அது தெரிஞ்சுதான்னு அவனை எழுதிக் கேளு என்றார். கேட்க வேண்டியதே இல்லை, எனக்கு அதற்கு முன்பே தெரியும். அந்தப் பெரியவர் திட்டவில்லை கண்ணா. அவர் சொன்னது, தம்பி, எஞ்சின் நின்னுபோச்சு, கொஞ்சம் பொறு. தம்பி என்றுதான் சொல்லியிருக்கிறார், இரண்டு தடவை. நீ படித்த அட்டை வாக்கியத்தையும் பார்த்தேன், அகராதியைப் பார்த்து எழுதியது போலிருக்கிறது, அதில் இருக்கிற போ என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்த நாயை விரட்டுகிற சொல். நாயை விரட்டுகிற மாதிரி விரட்டிய உன்னைத்தான் அவர் தம்பி என்றார். அப்பாவிடம் சொன்னதும், உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லு, பதவி உயர்வு தள்ளிப்போனா போகட்டும் என்றார். ஐம்பது வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றது இதுதான் முதல் தடவை.

நீ அழுவாய் என்று தெரியும், அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்து எழுது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, யாரும் சாகவில்லை, அதற்கே தினமும் கும்பிடுகிறேன். இனிமேலும் கப்பலை நிறுத்து, அது உன் வேலை, வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அட்டையைத் தூர வைத்துவிட்டு முதலில் காற்று எந்தப் பக்கம் என்று சொல், தேவையான சொற்களைத் தனித்தாளில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். முடிக்கிற வாக்கியத்தை மட்டும் எழுதவில்லை, அது உனக்கு மூன்று வயசிலிருந்தே தெரியும். குண்டு போடும்போது காதில் பஞ்சு வைக்க மறக்காதே, அப்பா படுகிற பாட்டைப் பார்க்கிறாய் அல்லவா. நீண்ட ஆயுளோடு நன்றாக இரு கண்ணா. பத்திரமா கரை சேரு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
(பக்கத்தில் அப்பா, நுரையை நினைவுபடுத்தச் சொல்கிறார்)