ஒரு பேப்பர் பாக்கி

மதுக்கரை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் பூஜிதாவுக்கு நைனா எழுதுவது. நான், உன் அம்மா, அண்ணன் மூவரும் சௌக்கியம். கடையில் மட்டும் ரெண்டு வாடகை நாற்காலிக்குக் கால் போய்விட்டது. பெங்களூர்க் குளிரில் உனக்குச் சளி விட்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். வாட்ஸப் என் விரலுக்கு அடங்குவதில்லை. போன மாசம் ஒரு துக்க வீட்டைப் பற்றி சாமியானா சங்கத்து குரூப்பில் எழுதப்போய், கைதட்டுகிற பொம்மை போய்ச் சேர்ந்தது. அதனால்தான் பேனா. கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள், பத்தாவதோடு நின்ற கை இது.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை நீ படித்த கல்லூரியில் ஏதோ விழா, நாற்காலி நம்ம கடையிலிருந்துதான். இறக்கிப் போட்ட கையோடு ஆபீஸுக்குப் போய் உன் டிகிரியை வாங்கி வந்துவிடலாம் என்று தேய்த்த சட்டையாகப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கேஸ் சிலிண்டர் மாதிரி, பேரைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைப்பு. அதோடு விட்டேனா? கண்ணாடி போட்ட பிரேம் ஒன்றையும் கையோடு கொண்டுபோனேன். டிகிரி என்ன அளவு இருக்கும் என்று தெரியாது பார், வைத்துப் பார்த்துவிடலாம் என்றுதான். பிரேமை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் நடந்ததைப் பார்த்து வாட்ச்மேன் அஞ்சலிக் கூட்டம் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்.

ஆபீஸ் அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள், பிரேமைப் பார்த்தார்கள். “ஏனுங்க, பாப்பா இன்னும் முடிக்கலைங்களே. ஒரு பேப்பர் பாக்கி நிக்குதுங்க” என்றார்கள்.

ரிசல்ட் வந்த சமயத்தில் நீ வேலை கிடைத்ததைப் பற்றியே பேசினாய். நானும் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உனக்குப் பாடம் எடுத்த ஆஃப்ரின் மேடம் அப்போது அந்தப் பக்கம் வந்தார்கள். பிரேமைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அவர்கள்தான். என்னை உட்காரவைத்து, நம்ம நாற்காலியில்தான், எல்லாம் விளக்கினார்கள். கணக்கு டிகிரிக்குக் கணக்கு மட்டும் போதும் என்றல்லவா இத்தனை நாள் இருந்தேன்? தமிழ் பாஸாக வேண்டுமாம், இங்கிலீஷ் பாஸாக வேண்டுமாம். துணைக்கு பிசிக்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ். சுற்றுச்சூழல் என்று ஒன்று. நீ என்.எஸ்.எஸ்ஸில் விளக்கமாறு பிடித்ததற்குக்கூட அதில் இடம் உண்டாம், வீட்டில் பிடித்ததாக ஞாபகம் இல்லை. மொத்தம் நூற்று நாற்பது கிரெடிட். நூற்று முப்பத்தாறு உன் கையில் இருக்கிறது. பாக்கி நாலும் ரியல் அனாலிசிஸ் என்கிற ஒரே பாடம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மேடம், நூத்தி நாப்பது சேர் கேட்ட மண்டபத்துக்கு நூத்தி முப்பத்தாறு போட்டா எந்தக் கல்யாணமுங்க நிக்குது? நாலு பேரு பந்திக்குப் போயிருப்பாங்க” என்றேன். மேடமும் சிரித்தார்கள். “இங்க அந்த நாலு சேர்லதானுங்க பொண்ணும் மாப்பிள்ளையும் ஒக்காரணும்” என்றார்கள்.

கிளம்பும்போது அவர்கள் சொன்னது: “அவ கேள்வி கேட்டா நான் ஊட்டுக்குப் போயிப் படிச்சுட்டு வந்துதானுங்க பதில் சொல்லுவேன். ஒருதடவை பேப்பர் போனதும் பயந்துட்டா. நவம்பர்ல மறுபடியும் பரீட்சை வருது, எழுதச் சொல்லுங்க.”

வெளியே வந்து உனக்குப் போன் போட்டேன். “இங்க வேலைல யாரும் டிகிரி கேக்கலீங்க நைனா. கணக்கு எனக்கு வராதுங்க. விட்டுருங்க” என்றாய். நான் “சரி கண்ணு” என்று வைத்துவிட்டேன். திரும்பி வருகையில் டெம்போவில் பிரேம்தான் வழி நெடுக லொடலொட என்று பேசிக்கொண்டு வந்தது.

உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? பழைய காலண்டரில் இருந்த பெருமாளைக் கத்தரித்து பிரேமுக்குள் வைத்து, நான் அடித்து வைத்திருந்த ஆணியில் மாட்டிவிட்டாள். “இருக்கட்டும். டிகிரி வந்தா அவரு நகந்துக்குவாரு” என்கிறாள்.

அடுத்தது அண்ணன் கல்யாணப் பத்திரிகை. கார்த்திகைக்கு நாள் நெருங்கிவிட்டது. பேருக்குப் பின்னால் படிப்பு இல்லாமல் நம்ம பக்கம் கார்டு அடிக்க முடியுமா? பல் முளைக்காத குழந்தைக்கு எல்.கே.ஜி. என்று போடுகிற ஊர். அச்சாபீஸ் சென்னிமலை ப்ரூப் கொண்டுவந்தார். சம்பந்தி காலேஜ் வாத்தியார் அல்லவா, அவர் பேருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு போகிறது. அண்ணனுக்கு பி.இ., உன் சீனிவாசலு மாமாவுக்கு பி.காம். எனக்கு “சாமியானா”. உன் பேர் வந்ததும் சென்னிமலை பேனாவை நிறுத்தி, “சின்னம்மணிக்கு பி.எஸ்சி. போட்டரலாங்களா?” என்றார். உன் மாமா முந்திக்கொண்டு, “போடுங்க, மொய் எழுத வர்றவன் சர்டிபிகேட்டா கேக்கப் போறான்?” என்றார்.

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்த எழுத்தை அச்சில் பார்க்கத்தானே மூன்று வருஷமாகக் காத்திருக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் ஒரு யோசனை வந்தது. நீ அந்தப் பரீட்சையை எழுத வேண்டும் என்று நான் நினைப்பது உனக்காகவா, இந்தக் கார்டுக்காகவா? நன்றாக உரசிப் பார்த்தேன். பாதிக்குப் பாதி கார்டுக்காகத்தான் என்று தெரிந்தது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அதனால் எல்லார் படிப்பையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அண்ணனுடையது, மாமாவுடையது, சம்பந்தியுடையதும். “ஏனுங்க, கார்டு மொட்டையா இருக்குமுங்களே” என்று சென்னிமலைக்கு ஒரே வருத்தம். “என் பி.காமைத் தூக்கறதுக்கு நீங்க யாருங்க மாமா?” என்று கோபித்துக்கொண்டு போன உன் மாமா இன்னும் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டுக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சம்பந்தியம்மாதான், “நல்லதுங்க, பேரையாவது பெருசாப் போடலாம்” என்றார்கள். நல்ல மனுஷி. அண்ணனுக்கு மாமியார் யோகம்.

ஆக, கார்டில் இப்போது யாருக்கும் ஒன்றும் இல்லை. அதற்காக நீ எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் ஒன்று ஞாபகம் வருகிறது. ரெண்டாம் வருஷம் ஒருநாள் கடையில் அடுக்கி வைத்த நாற்காலி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, பாயிண்ட்டுக்கு அப்புறம் ஒன்பது ஒன்பதாக முடிவில்லாமல் போட்டுக்கொண்டே போனால் அது சரியாக ஒன்று என்றாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. துளியாவது குறையும் என்றேன். “எவ்வளவு குறையும்? நீங்களே சொல்லுங்க” என்றாய். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றேன். நாலு ஒன்பது எழுதி, “இப்பவே அதைவிடக் கம்மிதானுங்க?” என்றாய். லட்சத்தில் ஒரு பங்கு என்றேன். ஆறு ஒன்பது எழுதினாய். நான் எவ்வளவு சின்னதாகச் சொன்னாலும் நீ அதற்குள் நுழைந்து வெளியே வந்தாய். பேரம் பேசியே பிழைக்கிறவன் நான், அப்படி யாரிடமும் தோற்றதில்லை. தோற்றுப்போய் அவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை. பாதி புரியவில்லை, உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை இதை மேடத்திடம் சொன்னேன். “அதுக்குப் பேருதானுங்க ரியல் அனாலிசிஸ்” என்றார்கள்.

பரீட்சைக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம் கண்ணு. வந்தால் ஸ்டேஷனுக்கு டெம்போவைக் கொண்டுவருகிறேன், பின்னால் நாற்காலி போட்டு ராணி மாதிரி உட்காரலாம். எழுதித் தோற்றாலும் பாதகமில்லை. பிரேம் ஒன்றும் காலியாக இல்லை, பெருமாள் இருக்கிறார்.

உன் அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்குப் போகாதே. எங்கே இருந்தாலும் தெம்பாக இரு.

உன் நைனா,
கோவிந்தராஜுலு.

மடிக்கப் போன கடிதத்தை மறுபடியும் பிரித்து இதை எழுதுகிறேன். கணக்கு உனக்கு வராது என்று போனில் சொன்னாயே, அப்போது வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிப்போட்டுத்தான் சரி என்றேன்.

பொய் சொல்லாதே கண்ணு.